ஜி லீக்கில் காத்திருப்பதா, கடல் கடந்து ஆடுவதா? டிராஃப்டில் விடுபட்ட கூடைப்பந்து வீரரின் முன்னுள்ள வழிகள்

ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாதத்தில் நடக்கும் என்.பி.ஏ. டிராஃப்டில், அதாவது அமெரிக்காவின் முதன்மைத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கின் அணிகள் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், இரண்டு சுற்றுகளில் ஏறத்தாழ 60 பெயர்கள் வாசிக்கப்படுகின்றன. லீக்கின் 30 அணிகளிலும் சேர்த்து நிலையான ஒப்பந்தத்துக்குரிய இடங்கள் 450. அவற்றில் பெரும்பாலானவை ஏற்கெனவே நிரம்பியவை. 2023-24 சீசன் முதல் அணிக்கு மூன்று வீதம் 90 டூ-வே இடங்களும் (என்.பி.ஏ. அணிக்கும் அதன் கீழ்நிலைக் கிளை அணிக்கும் மாறி மாறி ஆடுபவர்களுக்கானவை) இருக்கின்றன. பெயர் வாசிக்கப்படாமலோ, இரண்டாம் சுற்றில் எடுக்கப்பட்டு ஓராண்டுக்குள் விடுவிக்கப்பட்டோ வெளியே நிற்கும் 22, 23 வயது வீரருக்கு முகவர் முன்வைக்கும் வழிகள் பெரும்பாலும் நான்கு. என்.பி.ஏ.வின் கீழ்நிலை லீக்கான ஜி லீக்கில் ஆடிக்கொண்டே அழைப்புக்குக் காத்திருக்கலாம். ஐரோப்பாவிலோ இஸ்ரேலிலோ ஒரு கிளப்பில் சேரலாம். வெளிநாட்டு வீரரை நம்பியே ஆட்டத்தை அமைக்கும் சீனா, பிலிப்பைன்ஸ் போன்ற ஆசிய லீக்குகளுக்குப் போகலாம். ஆட்டத்தை விட்டுப் பயிற்சியாளர் வேலைக்கோ வேறு தொழிலுக்கோ மாறலாம். இவற்றை ஒப்பிடுவோர் வழக்கமாகச் சம்பளத்தையும், என்.பி.ஏ. வாசலுக்கு உள்ள தூரத்தையும் மட்டுமே கணக்கில் எடுக்கிறார்கள். இவற்றோடு, அந்த வீரர் நாள்தோறும் களத்தில் எந்த வேலையைச் செய்து பழகப்போகிறார், அந்த வேலைக்கு என்.பி.ஏ.வில் ஆள் தேவைப்படுகிறதா என்பதையும் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. முதல் இரண்டு வழிகளுக்கு இடையிலான தேர்வைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இதுதான்.

இந்த விவாதத்தில் எப்போதும் முன்னால் வந்து நிற்கும் பெயர் ஆண்ட்ரே இங்கிராம். வாஷிங்டனிலுள்ள அமெரிக்கன் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படித்து 2007-இல் வெளியே வந்தவர். அப்போது டி லீக் என்று அழைக்கப்பட்ட ஜி லீக்கில் யூட்டா ஃபிளாஷ் அணியில் தொடங்கி, பத்தாண்டுகளில் 384 ஆட்டங்கள் ஆடினார். வருமானம் போதாத காலங்களில் மாணவர்களுக்குக் கணக்கு டியூஷன் எடுத்தார். 2018 ஏப்ரல் 10 அன்று, சீசன் முடிய இரண்டே ஆட்டங்கள் மீதமிருந்தபோது, லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் அவரைக் களமிறக்கியது. 32 வயதில், தலைமுடி நரைத்திருந்த அந்தப் புதுமுகம் ஹூஸ்டன் ராக்கெட்ஸ் அணிக்கு எதிராக 19 புள்ளிகள் எடுத்தார். அவர் எறிந்த ஐந்து மூன்று புள்ளிப் பந்துகளில் நான்கு வளையத்துக்குள் விழுந்தன. ஓராண்டின் மிகச் சிறந்த வீரருக்கென்று ரசிகர்கள் வைத்திருக்கும் எம்.வி.பி. முழக்கத்தை அரங்கம் அன்று அவருக்குக் கொடுத்தது.

அந்த இரவைப் பார்த்து நெகிழாதவர் குறைவு. ஆயினும் முடிவெடுக்க வேண்டிய நிலையில் இருக்கும் இளைஞருக்கு அதை முன்மாதிரியாகக் காட்டுவது சரியல்ல. இங்கிராம் தம் வாழ்நாளில் ஆடிய என்.பி.ஏ. ஆட்டங்கள் மொத்தம் ஆறு: அந்தச் சீசனில் இரண்டு, அடுத்த சீசனில் ஒரு பத்து நாள் ஒப்பந்தத்தில் நான்கு. ஜி லீக் வரலாற்றிலேயே மிகுதியான மூன்று புள்ளிப் பந்துகளைப் போட்டவர்களின் முன்வரிசையில் இருந்த ஒருவருக்கு, வாசலுக்கு அருகிலேயே பத்தாண்டுகள் இருந்தும் கிடைத்தது இவ்வளவுதான். அவர் தம் வாழ்க்கையைப் பற்றி மனநிறைவோடே பேசியிருக்கிறார்; அது அவருடைய உரிமை. ஆனால் காத்திருந்ததால் வாய்ப்பு வந்தது என்று அக்கதையிலிருந்து பாடம் எடுப்பவர்கள், அதே பத்தாண்டுகளில் அதே அணிகளில் காத்திருந்து பெயர் தெரியாமல் போனவர்களைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

எதிர்ப்பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியவர் பி.ஜே. டக்கர். டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் நட்சத்திரம்; 2006 டிராஃப்டில் 35-ஆவது இடத்தில் டொரோன்டோ ராப்டர்ஸ் அவரை எடுத்தது. முதல் சீசனில் 17 ஆட்டங்களில் சில நிமிடங்கள் வீதம் ஆடியதோடு விடுவிக்கப்பட்டார். டி லீக்கில் கொலராடோ அணியில் சிறிது காலம் இருந்துவிட்டு இஸ்ரேலுக்குப் புறப்பட்டார். 2007-08 சீசனில் ஹபோயல் ஹோலோன் என்ற சிறிய கிளப், 1994 முதல் தொடர்ந்து பட்டம் வென்றுவந்த மக்காபி டெல் அவிவை வீழ்த்தித் தன் முதல் இஸ்ரேலியப் பட்டத்தை வென்றது. அந்த ஆண்டு லீக்கின் சிறந்த வீரர் டக்கர். பிறகு உக்ரைன், கிரேக்கம், மறுபடி இஸ்ரேல், இத்தாலி, ஜெர்மனி என்று நகர்ந்தார். 2012-இல் பாம்பெர்க் அணியோடு ஜெர்மன் பட்டம் வென்று, இறுதித் தொடரின் சிறந்த வீரராகவும் தேர்வானார். அந்தக் கோடையில் ஃபீனிக்ஸ் சன்ஸ் அணிக்காகச் சம்மர் லீக் எனும் கோடைக்காலத் தேர்வுப் போட்டிகளில் ஆடி, 27 வயதில் என்.பி.ஏ.வுக்குத் திரும்பினார். அதன்பின் பத்தாண்டுகளுக்கு மேல் அவர் லீக்கை விட்டு வெளியேறவில்லை. 2021-இல் மில்வாக்கி பக்ஸ் பட்டம் வென்றபோது எதிரணியின் முதன்மை வீரரை மறிக்கும் பொறுப்பு அவரிடம் இருந்தது.

இருவரையும் அருகருகே வைத்தால், டக்கரின் வழியே மேலானது என்ற முடிவுக்குத்தான் நான் வருகிறேன். ஆனால் ஐரோப்பா எல்லோருக்கும் மேலானது என்று இதற்குப் பொருளில்லை. கல்லூரியில் புள்ளிகளைக் குவித்த 6 அடி 5 அங்குல வீரரை, உயரமானவர்கள் நிறைந்த என்.பி.ஏ.வில் அதே வேலைக்கு யாரும் எடுக்கப்போவதில்லை. டக்கருக்குத் தேவைப்பட்டது வேறொரு வேலையைக் கற்றுக்கொள்ளும் காலமும், தோற்றால் ஊரே கேள்வி கேட்கும் அணிகளில் அதைச் செய்து பார்க்கும் வாய்ப்பும். மூலையிலிருந்து எறியும் மூன்று புள்ளிப் பந்து அவருடைய அடையாளமானது ஃபீனிக்ஸுக்குத் திரும்பிய பிறகுதான். ஆயினும் எவரையும் மறிக்கலாம், எந்தச் சிறு வேலையையும் தட்டாமல் செய்யலாம் என்ற ஆட்டத்தை அவர் வெளிநாட்டிலிருந்தே கொண்டுவந்தார்.

ஜி லீக்கின் கணக்கைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். 2023-24 சீசனில் ஒரு சாதாரண ஜி லீக் ஒப்பந்தத்தின் சம்பளம் ஏறத்தாழ ஐந்து மாதங்களுக்கு 40,500 டாலர். தங்குமிடத்தையும் மருத்துவக் காப்பீட்டையும் அணி பார்த்துக்கொள்ளும். 2017-18-இல் இது வெறும் 19,000, 26,000 டாலர் என்ற இரண்டு தட்டுகளில்தான் இருந்தது. என்.பி.ஏ. அணி ஒன்றின் பயிற்சி முகாமுக்கு எக்ஸிபிட் 10 என்ற ஒப்பந்தத்தில் சென்று, விடுவிக்கப்பட்ட பின் அந்த அணியின் ஜி லீக் கிளையில் 60 நாட்கள் தங்கினால் கூடுதல் தொகை உண்டு. 2023-24-இல் அதன் உச்சவரம்பு 75,000 டாலர். டூ-வே ஒப்பந்தம் கிடைத்தவருக்குக் கதையே வேறு. புதுமுக வீரரின் குறைந்தபட்சச் சம்பளத்தில் பாதி, அதாவது அந்தச் சீசனில் 5.5 லட்சம் டாலருக்கு மேல், அவருக்குக் கிடைக்கும். 50 ஆட்டங்கள் வரை என்.பி.ஏ. அணியின் பெஞ்சில் உட்காரலாம். ஜனவரி தொடக்கத்திலிருந்து அணிகள் பத்து நாள் ஒப்பந்தங்கள் கொடுக்கலாம். ஒரு பத்து நாள் ஒப்பந்தத்தில் புதுமுகம் பெறும் தொகை, ஜி லீக்கின் முழுச் சீசன் சம்பளத்தைவிட அதிகம்.

இங்கே பலர் கவனிக்கத் தவறும் ஒரு விவரம் உண்டு. சாதாரண ஜி லீக் ஒப்பந்தத்தில் இருப்பவரை 30 அணிகளில் எது வேண்டுமானாலும் அழைத்துக்கொள்ளலாம். டூ-வே வீரரோ தம் அணிக்கு மட்டுமே கட்டுப்பட்டவர். சம்பளத்தைப் பார்த்தால் டூ-வேயை மறுக்க எவருக்கும் மனம் வராது, மறுக்கவும் கூடாது. ஆனால் அந்த அணியில் தமக்குரிய இடத்தில் ஏற்கெனவே மூன்று நல்ல வீரர்கள் இருந்தால், அது பணத்துக்கான ஒப்பந்தமே தவிர வாய்ப்புக்கான ஒப்பந்தம் அல்ல என்பதைத் தெரிந்துகொண்டே கையெழுத்திட வேண்டும்.

அருகில் இருப்பதன் பயன் மிகத் தெளிவாகத் தெரிந்தது 2021 டிசம்பரில். ஓமிக்ரான் பரவலால் அணிகள் வீரர்களை இழந்துகொண்டிருந்தபோது, நெருக்கடிக்கால விதியின்கீழ் பத்து நாள் ஒப்பந்தங்கள் அடுத்தடுத்து வழங்கப்பட்டன. அந்தச் சீசனில் என்.பி.ஏ. களத்தில் இறங்கியவர்களின் எண்ணிக்கை 600-ஐத் தாண்டி, லீக் அதுவரை காணாத உயரத்துக்குப் போனது. காலையில் அழைப்பு வந்து மாலையில் ஆட வேண்டியிருந்த அந்த வாரங்களில், பெல்கிரேடிலோ இஸ்தான்புல்லிலோ ஒப்பந்தத்தில் இருந்தவர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் பட்டியலுக்கே வரவில்லை. என்றாலும், அப்படி உள்ளே போனவர்களில் பலர் பத்தாம் நாள் திரும்பிவிட்டார்கள். ஜி லீக் என்பது வீட்டுத் திண்ணை போன்றது; உள்ளே கூப்பிட்டால் உடனே எழுந்து போகலாம், ஆனால் உள்ளே தங்குவதற்கு அது மட்டும் போதாது.

திண்ணையில் இடம்பிடிப்பதே சிலருக்குப் போராட்டம். ஜொனாத்தன் சிம்மன்ஸ் 2013-இல் 150 டாலர் கட்டணம் கட்டி, யார் வேண்டுமானாலும் ஆடிக்காட்டக்கூடிய, டி லீக்கின் ஆஸ்டின் அணியின் ஆட்டத்தேர்வில் கலந்துகொண்டார். இரண்டே ஆண்டுகளில் சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் அவரை எடுத்தது. அல்ஃபோன்ஸோ மெக்கின்னி, லக்சம்பர்க்கின் இரண்டாம் பிரிவிலும் மெக்சிகோவிலும் ஆடிவிட்டு, 2016-இல் 175 டாலர் கட்டி விண்டி சிட்டி புல்ஸ் அணியின் தேர்வுக்குப் போனார். 2019-இல் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் சட்டையுடன் என்.பி.ஏ. இறுதித் தொடரில் ஆடினார். இவ்விருவரும் களத்தின் பக்கவாட்டில் ஆடும் இறக்கை (விங்) ஆட்டக்காரர்கள், உடல்வாகு மிக்கவர்கள், பந்து கையில் இல்லாதபோதும் அணிக்குப் பயன்படுபவர்கள். இது தற்செயல் அல்ல.

இதே லீக்கில் ஆட்டத்துக்கு முப்பது புள்ளிகள் எடுக்கும் உயரம் குறைந்த, பந்தைக் கையில் வைத்து ஆட்டத்தை நடத்தும் காவல் (கார்டு) ஆட்டக்காரர்களுக்கு அழைப்பு வராமல் போவதன் காரணமும் இதில்தான் இருக்கிறது. என்.பி.ஏ. அணியின் பதினான்காவது இடத்துக்கு வருபவரிடம் யாரும் பந்தைக் கொடுத்து ஆட்டத்தை நடத்தச் சொல்வதில்லை. மறிக்க, மூலையில் நின்று எறிய, ஓடித் திரும்பத்தான் கேட்கிறார்கள். ஜி லீக்கிலோ அணிகள் மாதத்துக்கு மாதம் மாறுகின்றன. ஒவ்வொருவரும் தம் புள்ளிவிவரத்தின் மேல் ஒரு கண் வைத்தே ஆட வேண்டிய நிலை. ஆட்டத்தின் வேகமும் அதற்கேற்பவே இருக்கிறது. 2019-20 முதல், கடைசி நிமிடங்களைத் தவிர, எதிரணியின் தவறுக்காகக் கிடைக்கும் இரண்டோ மூன்றோ தனி எறிதல்களுக்குப் பதில் ஒரே ஒரு எறிதல்தான். அது உள்ளே போனால் முழுப் புள்ளிகளும் சேர்ந்துவிடும். மூச்சு வாங்க நேரமில்லாத அந்த ஓட்டத்தில் புள்ளிகள் பெருகுகின்றன. தேர்வாளர்கள் அந்தப் புள்ளிகளைத் தள்ளுபடி செய்துவிட்டுத்தான் பார்க்கிறார்கள்.

இதைப் புரிந்துகொண்டு ஜி லீக்கைப் பயன்படுத்தியவருக்கு நல்ல எடுத்துக்காட்டு இளைய கேரி பேட்டன். 2016 டிராஃப்டில் எவரும் எடுக்காத அவர், ஐந்து ஆண்டுகள் பல அணிகளுக்கும் ஜி லீக்குக்கும் இடையே அலைந்தார். 2021-இல் ராப்டர்ஸ் 905 அணிக்காக ஆடி ஜி லீக்கின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது பெற்றார். அந்த இலையுதிர்காலத்தில் வாரியர்ஸ் முகாமில் இடம் உறுதியாகாதபோது, அணியின் வீடியோ பிரிவு வேலையைக்கூட அவர் கேட்டுப் பார்த்ததாகச் செய்தி வந்தது. கடைசி இடம் அவருக்கே கிடைத்தது; 2022 ஜூனில் பட்டமும் கிடைத்தது. ஆக, இங்கிராமையும் இவரையும் வேறுபடுத்துவது பொறுமையின் அளவு அல்ல. இவர் கையிலிருந்த வேலைக்குச் சந்தையில் ஆள் குறைவாக இருந்தது.

ஐரோப்பாவின் நியாயம் வேறு. அங்கே வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ ஆட்டம். மீதி நாட்கள் பயிற்சி, சில கிளப்புகளில் காலையும் மாலையும். புள்ளிவிவரத்துக்கு மதிப்பு குறைவு, வெற்றிக்கு மதிப்பு அதிகம்; கீழ்ப்பிரிவுக்குத் தள்ளப்படும் அபாயமுள்ள லீக்குகளில் பிப்ரவரி மாத ஆட்டம்கூட வாழ்வா சாவா என்று ஆகிவிடும். பேட்ரிக் பெவர்லி உக்ரைனிலும், கிரேக்கத்தின் ஒலிம்பியாகோஸிலும், ரஷ்யாவின் ஸ்பார்டக் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கிலும் ஆடியவர். 2009 டிராஃப்டின் 42-ஆவது தேர்வான அவர், 2012-இல் ஐரோப்பாவின் இரண்டாம் நிலைக் கிளப் போட்டியான யூரோகப்பின் சிறந்த வீரராகி, 2013 ஜனவரியில் ஹூஸ்டன் ராக்கெட்ஸில் சேர்ந்தார்; 2017-இல் என்.பி.ஏ.வின் முதல் தடுப்பாட்ட அணியில் இடம்பெற்றார். புள்ளிகள் எடுக்கும் கல்லூரி வீரராகப் போனவர், எதிராளியை மூச்சுத் திணறவைக்கும் காவலராகத் திரும்பி வந்தார்.

களமும் விதிகளும் மாறுவதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஐரோப்பா பின்பற்றும், உலகக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபிபாவின் விதியில் மூன்று புள்ளிக் கோடு வளையத்திலிருந்து 6.75 மீட்டர், என்.பி.ஏ.வில் உச்சியில் அது 7.24 மீட்டர். ஆட்டம் 48 நிமிடத்துக்குப் பதில் 40 நிமிடம். ஆறு தவறுகளுக்கு (ஃபவுல்) பதில் ஐந்தாவது தவறிலேயே வெளியேற வேண்டும். தடுப்பாட்டக்காரர் வளையத்தடியில் மூன்று விநாடிக்கு மேல் நிற்கக் கூடாது என்ற என்.பி.ஏ. விதி அங்கே இல்லாததால், உயரமான சென்டர் வீரர் அங்கேயே குடியிருப்பார். வேகத்தால் உள்ளே புகுந்து புள்ளி எடுத்துப் பழகியவர் முதல் இரண்டு மாதம் சுவரில் மோதுவதுபோல் உணர்வது இதனால்தான். பந்தை விரைவாகக் கைமாற்றவும், முடிவைச் சீக்கிரம் எடுக்கவும் அந்தச் சூழல் கட்டாயப்படுத்துகிறது. எறிதலையே நம்பியிருப்பவரோ, தம் விழுக்காடு அங்கே உயர்ந்தால் அதைக் கண்டு ஏமாந்துவிடக் கூடாது. கோடு அரை மீட்டர் அருகில் இருக்கிறது.

பணத்தைப் பொறுத்தவரை ஐரோப்பிய ஒப்பந்தம் பெரும்பாலும் வரி போகக் கைக்கு வரும் தொகையாகப் பேசப்படுகிறது; வீடும் காரும் கிளப்பின் பொறுப்பு. நடுத்தர லீக் ஒன்றில் நல்ல இடம் கிடைத்தால், ஜி லீக்கின் சாதாரணச் சம்பளத்தைவிடப் பல மடங்கு சேமிக்கலாம். ஆனால் காகிதத்தில் இருக்கும் தொகை மாதந்தோறும் வருமா என்பது கிளப்பைப் பொறுத்தது. சம்பள பாக்கி அந்த உலகத்தில் அவ்வளவு சகஜமாக இருந்ததால்தான் ஃபிபா 2007-இல் ஜெனீவாவில் ஒரு நடுவர் மன்றத்தையே அமைத்தது. பேட் என்ற சுருக்கப் பெயரால் வீரர்கள் அதை அறிவார்கள். அதன் தீர்ப்பை மதிக்காத கிளப் புதிய வீரர்களைப் பதிவுசெய்ய முடியாதபடி தடை விதிக்கப்படலாம். எனவே வெளிநாட்டு ஒப்பந்தத்தில், தகராறு வந்தால் இந்த மன்றத்துக்கே போக வேண்டும் என்ற விதி எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்க்காமல் கையெழுத்திடுவது பெருந்தவறு. உள்ளூர் நீதிமன்றத்தில், தெரியாத மொழியில் வழக்காடி இரண்டு மாதச் சம்பளத்தை வாங்கிவிடலாம் என்று நம்புபவர் அந்த ஊர்களை அறியாதவர்.

வெளியேறும் விதி அதைவிட முக்கியமானது. சீசன் நடுவில் என்.பி.ஏ. அணி அழைத்தால், கிளப் கேட்கும் விடுவிப்புத் தொகையைக் கட்டியாக வேண்டும், அதில் என்.பி.ஏ. அணி தரக்கூடிய பங்குக்கு வரம்பு உண்டு, மீதி வீரரின் சம்பளத்திலிருந்தே போகும். இரண்டாண்டு ஒப்பந்தத்தில், முதல் ஆண்டு முடிந்த கோடையில் தொகையின்றியோ சிறு தொகையிலோ வெளியேறலாம் என்ற விதியைக் கேட்டு வாங்கும் முகவரும், ஆண்டுச் சம்பளத்தில் கூடுதலாகச் சில ஆயிரங்களைப் பேசி வாங்கும் முகவரும் இருக்கிறார்கள். 23 வயதில் முதலாமவர்தான் வேண்டும்.

திரும்பி வருவதே நோக்கமாக இல்லாதவர்களும் இருக்கிறார்கள். அவர்களைத் தோற்றவர்கள் என்று எண்ணுவது அமெரிக்கத் தொலைக்காட்சியின் பார்வைக் கோளாறு. எவரும் டிராஃப்டில் எடுக்காத போ மெக்காலெப், துருக்கி வழியாக செர்பியாவின் பார்ட்டிசான் அணிக்குப் போய் 2010-இல் ஐரோப்பாவின் முதன்மைக் கிளப் போட்டியான யூரோலீக்கின் இறுதி நால்வர் கட்டம் வரை ஆடினார். மாசிடோனியக் குடியுரிமை பெற்று, 2011 ஐரோப்பியச் சாம்பியன்ஷிப்பில் அந்தச் சிறு நாட்டை நான்காம் இடத்துக்குக் கொண்டுபோனார். ஷேன் லார்கின் என்.பி.ஏ.வில் நான்கு அணிகளில் ஆடிய பின் இஸ்தான்புல்லின் அனடோலு எஃபெஸில் 2021, 2022 என இருமுறை யூரோலீக் பட்டம் வென்றார். யூரோலீக்கின் முன்னணி வீரர் வாங்கும் சம்பளம், என்.பி.ஏ.வின் குறைந்தபட்சச் சம்பளத்தோடு போட்டியிடக்கூடியது. பெஞ்சின் கடைசியில் உட்காருவதா, பதினைந்தாயிரம் பேர் முன்னால் கடைசிப் பந்தை எறிவதா என்ற கேள்விக்கு இவர்கள் இரண்டாவதைத் தேர்ந்தவர்கள்.

ஆசிய லீக்குகளைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். அவை வளர்வதற்கான இடங்கள் அல்ல, சம்பாதிப்பதற்கான இடங்கள். 2009 டிராஃப்டில் 58-ஆவதாக எடுக்கப்பட்ட லெஸ்டர் ஹட்சன் பல சீன அணிகளில் ஆடி, 2018-இல் லியாவ்னிங் அணி சீனப் பட்டம் வென்றபோது இறுதித் தொடரின் சிறந்த வீரரானார். பிலிப்பைன்ஸில் அணிக்கு ஒரே வெளிநாட்டு வீரர். உயர வரம்பும் உண்டு. நாலு தோல்வி வந்தால் விமான டிக்கெட்டும் வரும். ஜஸ்டின் பிரவுன்லீ அங்கே போனதே காயமடைந்த ஒருவருக்கு மாற்றாகத்தான். டி லீக்கில் தொடங்கிய அவர், 2016-இல் பாரங்காய் ஜினெப்ரா அணிக்காகக் கடைசி விநாடியில் மூன்று புள்ளிப் பந்து போட்டுப் பட்டத்தை வென்று கொடுத்தார். 2023-இல் குடியுரிமை பெற்று, அதே ஆண்டு ஹாங்சோ ஆசிய விளையாட்டில் பிலிப்பைன்ஸ் 1962-க்குப் பிறகு தங்கம் வெல்ல முதன்மைக் காரணமானார். அவரைப் போன்றவர்கள் விதிவிலக்கு. எல்லாப் பந்தும் தம் கைக்கே வரும் ஆட்டத்தில் இரண்டு சீசன் இருந்த 24 வயது வீரர், மூலையில் நிற்கும் பொறுமையை இழந்துவிடுவார் என்பதே பெரிய ஆபத்து.

நிறுத்திக்கொள்வதும் ஒரு வழிதான், அதற்கும் வயது உண்டு. கிறிஸ் ஃபின்ச் சிறிய கல்லூரியிலிருந்து இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் அணிக்கு ஆடப் போய், அங்கேயே பயிற்சியாளராகி, டி லீக் பட்டம் வென்று, இன்று மினசோட்டா டிம்பர்வுல்வ்ஸை நடத்துகிறார். முப்பதுக்கு முன்பே அந்தத் தடத்தில் ஏறுபவருக்குக் காலம் கைகொடுக்கும். முட்டி தேய்ந்த பிறகு ஏறுபவர் வரிசையின் கடைசியில் நிற்க வேண்டியிருக்கும்.

இவற்றையெல்லாம் வைத்து நான் தரும் பரிந்துரை இது. எக்ஸிபிட் 10 தொகையோ டூ-வேயோ கையில் இருந்து, வீரர் மறிப்பதிலோ எறிவதிலோ ஏற்கெனவே தேர்ந்தவர் என்றால், முதல் இரண்டு சீசன்களை ஜி லீக்குக்குக் கொடுக்கலாம். இரண்டாவது சீசனின் முடிவில் ஒரு பத்து நாள் ஒப்பந்தம்கூட வரவில்லை என்றால் மூன்றாவதைக் கொடுக்கக் கூடாது. சாதாரண ஒப்பந்தம் மட்டுமே கிடைக்கும், கல்லூரியில் பந்தைக் கையில் வைத்தே ஆடிய வீரர், முதல் ஆண்டிலேயே ஐரோப்பாவுக்குப் போவது நல்லது; அதிகத் தொகை தரும் கிளப்பைவிட, இளம் வீரர்களை மேல் லீக்குகளுக்கு அனுப்பிய பயிற்சியாளர் உள்ள கிளப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டையும் இணைக்கவும் வழி உண்டு. ஜி லீக் வசந்த காலத்தில் முடிந்துவிடுவதால், அதன்பின் பியூர்ட்டோ ரிக்கோவில் ஆடிப் பலர் வருமானத்தை நிமிர்த்திக்கொள்கிறார்கள். ஆனால் ஆண்டு முழுவதும் ஓய்வின்றி ஆடும் உடல் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு மேல் அதைத் தாங்காது.

இந்த முடிவுக்கு ஒரு கெடுவும் இருக்கிறது. லாஸ் வேகாஸில் சம்மர் லீக் ஜூலை நடுவில் முடிகிறது, ஐரோப்பாவின் நல்ல கிளப்புகள் தங்கள் வெளிநாட்டு இடங்களை ஜூலை, ஆகஸ்டிலேயே நிரப்பிவிடுகின்றன, என்.பி.ஏ. முகாம்களோ செப்டம்பர் கடைசியில்தான் தொடங்கும். முகாமில் ஒரு கை பார்த்துவிட்டு, சரிவராவிட்டால் ஐரோப்பா போகலாம் என்று நினைக்கும் வீரருக்கு அக்டோபரில் மிஞ்சுவது, காயமடைந்தவர்களின் இடங்களும் சம்பளம் தாமதமாகும் கிளப்புகளும்தான். ஆகவே முகாம் அழைப்பில் தொகை எவ்வளவு, அதில் உறுதியளிக்கப்பட்டது எவ்வளவு என்பதை ஜூலை முடிவதற்குள் முகவரிடம் எழுத்தில் வாங்கிவிட வேண்டும்.